தாத்தாவின் சாய்வு நாற்காலி: ரோஸ்வுட்டா, பூவரசா?

கேள்வி: திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் ஒரு சாய்வு நாற்காலியும், உருட்டுக் கம்பு போன்ற மரத்தை வளைத்துச் செய்து பிரம்பு பின்னிய நாற்காலிகள் இரண்டும் இருக்கின்றன. எதிலும் பெயர் கிடையாது. சாய்வு நாற்காலி ரோஸ்வுட் என்கிறார் அத்தை. பழைய சாமான் எடுக்க வந்தவரோ "வெறும் பூவரசு" என்கிறார். யாரை நம்புவது? செய்தவர் யார் என்று தெரியுமா?

பதில்: இருவரையும் விடுங்கள், நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். மேலே தெரிவது மரத்தின் நிறமே அல்ல. அரக்கு பாலிஷும் எண்ணெய்க் கையும் சேர்ந்து ஐம்பது வருடம் ஆனால் மாமரம்கூடக் கறுத்துவிடும். பாலிஷ் ஏறாத இடம்தான் வேண்டும். காலை நீட்டிப் போட்டுக்கொள்ள இழுத்துவிடும் கைப்பலகை இருந்தால் அதன் அடிப்பக்கம் வசதி. துணி கோக்கும் கட்டையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது எத்தனை முறை மாறியதோ! என்னிடம் பழுதுக்கு வந்த ஒன்றில் மூங்கில் கழி செருகியிருந்தார்கள்.

பலகையின் குறுக்குவெட்டு முனையில் புது பிளேடால் நகத்தளவு சீவி, ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். தேக்கு என்றால் ஊசியால் குத்தியது போன்ற துளைகள் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசை கட்டி நிற்கும், தடவினால் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். ரோஸ்வுட்டில், அதாவது நம் ஈட்டி மரத்தில், துளைகள் சிதறிக் கிடக்கும், ஊதா கலந்த பழுப்பில் கருங்கோடுகள் ஓடும். பூவரசிலும் துளைகள் சிதறித்தான் இருக்கும், ஆனால் அந்தக் கருங்கோடுகள் அவ்வளவு துலக்கமாக இராது. பழுப்பு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். எடையும் உதவும்: ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ, ஈட்டி 24 கிலோவை ஒட்டி வரும்.

பூவரசு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வாய்க்கால் கரையில் தானாக வளர்ந்து நின்ற மரம், மாட்டுவண்டிச் சக்கரத்தையே தாங்கியது. ஆங்கிலத்தில் அதற்கு 'பசிபிக் ரோஸ்வுட்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆக, உங்கள் அத்தையும் வியாபாரியும் ஒரே மரத்தைத்தான் சொல்கிறார்களோ என்னவோ!

சரி, செய்தவர் யார்? சாய்வு நாற்காலியைப் பொறுத்தவரை பெயர் கிடைப்பது அபூர்வம். மரத்தை வாங்கிப் போட்டு, ஆசாரியை வீட்டுக்கே வரவழைத்துத் திண்ணையில் வேலை வாங்கிய காலம் அது. கையெழுத்துப் போடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. கால்களின் உள்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என உளிக்கீறல் இருந்தால் முத்திரை என்று ஏமாறாதீர்கள். எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு என்று ஆசாரி போட்டுக்கொண்ட அடையாளம் அது. மூட்டில் மூங்கில் ஆணி இருந்தால், அடியில் இழைப்புளி ஓடிய தடம் அலை அலையாகக் கையில் தட்டினால், கைவேலை. பிறை போல வளைந்த ரம்பத் தடம் இருந்தால் மரம் மில்லில் வட்ட ரம்பத்தில் அறுத்தது. வீட்டின் பழைய கணக்கு நோட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். மரம், ஆசாரி கூலி என்று ஒரு வரி இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை.

பெயர் கிடைக்கக்கூடியது அந்த வளைந்த நாற்காலிகளில்தான். வியன்னாவின் தோனெட் கம்பெனி 1859-ல் '14-ஆம் எண்' நாற்காலியைக் கொண்டுவந்தது. பீச் (beech) என்ற ஐரோப்பிய மரத்தை ஆவியில் வேகவைத்து வளைக்கும் வேலை அது. அவர்களுடைய காப்புரிமை 1869-ல் முடிந்ததும் கோன் போன்ற கம்பெனிகளும் அதே மாதிரியைச் செய்யத் தொடங்கின. உட்காரும் வளையத்தின் உள்விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். சூட்டு முத்திரையோ கிழிந்த காகித லேபிளோ ஒட்டியிருக்கலாம். செக்கோஸ்லோவாகியா என்று இருந்தால் 1918-க்குப் பிந்தையது, ஏனென்றால் அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை. பிரம்பு மாற்ற ஆள் வருவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். உப்புத்தாள் போட்டால் லேபிள் போனதுதான்.

விற்கும் எண்ணம் இருந்து, மரம் பற்றி எழுத்தில் பதில் வேண்டுமென்றால் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகுங்கள். மாதிரித் துண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு அறுங்கள்.