பழைய கார் பாகங்களில் சிற்பம் செய்யும் மகனை எதில் சேர்ப்பது?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் உயர்நிலை நான்கில் இருக்கிறான். பள்ளி விட்டதும் நேராகச் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் உள்ள மாமாவின் கார் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போகிறான். ஸ்பார்க் பிளக், பேரிங், பழைய செயின் என்று பை நிறைய அள்ளி வந்து ஆந்தையும் மீனும் செய்கிறான். "இதைத்தான் படிக்கப்போகிறேன்" என்று சொன்ன நாளிலிருந்து அப்பா அவனோடு சரியாகப் பேசுவதில்லை. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள்.

சுற்றி வளைக்காமல் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அவனை இந்த ஆசையிலிருந்து திருப்ப வேண்டாம். அதற்காக இப்போதே கலைக் கல்லூரியிலும் சேர்க்க வேண்டாம். முதலில் உலோக வேலையை முறையாகக் கற்கும் ஒரு படிப்பில் சேருங்கள்.

காரணம் நீங்கள் அனுப்பிய அந்த மீன் படத்திலேயே இருக்கிறது. செதிலுக்குச் செயின் துண்டுகளை அடுக்கியிருக்கிறான். வயிற்றுப் பக்கம் மோட்டார் சைக்கிளின் பெரிய செயின், வாலை நெருங்க நெருங்க எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன டைமிங் செயின். பெரியதிலிருந்து சிறியதாகப் போனால்தான் உடல் ஒடுங்குவது தெரியும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆனால் துடுப்பு உடம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். வெல்டிங் உருகி, கட்டி கட்டியாக நிற்கிறது. ஒரு இடத்தில் ஒட்டவே இல்லை. பார்வை வந்துவிட்டது, கை இன்னும் வரவில்லை. அந்தக் கையைத் தருவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

வழிகள் இரண்டு. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் (ITE), குறிப்பாகச் சுவா சூ காங்கில் உள்ள மேற்குக் கல்லூரியில், வாகனத் தொழில்நுட்பம் படிக்கலாம். நன்றாகச் செய்தால் அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு (பாலிடெக்னிக்) போகும் கதவும் திறந்தே இருக்கிறது. இரண்டாவது வழி, மதிப்பெண் இடம் கொடுத்தால் நேராகப் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போவது. இயந்திரப் பொறியியல் எடுக்கலாம். அல்லது தெமாசெக் போன்ற கல்லூரிகளில் உள்ள வடிவமைப்புப் படிப்பு எடுக்கலாம். அப்பா பொறியியல் கேட்கிறார், பையன் கலை கேட்கிறான் என்றால், பொருள் வடிவமைப்பு இருவருக்கும் நடுவில் நிற்கும் துறை. வரைவதும் உண்டு, பட்டறையில் செய்து பார்ப்பதும் உண்டு.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, ஆர்வத்தையும் திறமையையும் பார்த்து இடம் தரும் முன்கூட்டிய சேர்க்கை முறை ஒன்று இருக்கிறது. ஆண்டின் நடுப்பகுதியில் விண்ணப்பம் வாங்குவார்கள். குறைந்தபட்ச மதிப்பெண் அப்போதும் வேண்டும், ஆனால் உங்கள் மகன் போன்ற பிள்ளைகளுக்காகவே வந்த வழி அது. நேர்முகத்தில் "எனக்கு ஆர்வம் அதிகம்" என்று சொல்லி ஒன்றும் ஆகாது. செய்ததைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு உருப்படிக்கும் பென்சில் படம், பாதி வேலையில் எடுத்த படம், சரியாக வராமல் பிரித்துப்போட்ட பகுதியின் படம், கடைசிப் படம் என்று ஒரு கோப்பு இப்போதிருந்தே சேர்க்கச் சொல்லுங்கள். அழகான கடைசிப் படங்கள் மட்டும் இருக்கும் கோப்பைவிட, ஏன் பிரித்தான், எப்படி மாற்றினான் என்று தெரியும் கோப்பு நேர்முகத்தில் அதிகம் பேசும்.

கலைப் படிப்பு அதற்கு அப்புறம். 1938-இல் தொடங்கிய நன்யாங் நுண்கலைக் கழகமும், சிற்பியான பிரதர் ஜோசஃப் மெக்னலி 1984-இல் தொடங்கிய லாசால் கலைக் கல்லூரியும் இப்போது சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டம் தருகின்றன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் கலை, வடிவமைப்புப் பள்ளி இருக்கிறது. இடையில் ஆண்பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவை வேறு இருக்கிறது. திரும்பி வரும்போது இருபதைத் தாண்டியிருப்பான், கையில் ஒரு தொழிலும் இருக்கும். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் அந்தப் படிப்புக்குச் செலவு செய்ய உங்களுக்கே மனம் வரும்.

"குப்பையை ஒட்டிவைத்தால் கலையா" என்று அப்பா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பிக்காசோ 1942-இல் ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். அமெரிக்கச் சிற்பி ஜான் சேம்பர்லெயின் நசுங்கிய கார்த் தகடுகளில் செய்த சிற்பங்களால்தான் பெயர் பெற்றார். ஆனால் அப்பாவிடம் நான் சொல்ல விரும்புவது நேக் சந்தைப் பற்றி. சண்டிகரில் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். வேலை முடிந்த நேரத்தில், யாருக்கும் தெரியாமல், உடைந்த ஓடு, வளையல், பீங்கான் என்று இடிபாடுகளைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் ஒரு தோட்டம் கட்டினார். அரசாங்கம் கண்டுபிடித்தபோது இடிக்கவில்லை. 1976-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது, அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து அதையே பார்க்கச் சொன்னது. அத்தனை ஆண்டும் அவர் வேலையை விடவில்லை என்பதை அப்பாவும் கவனிக்கட்டும், பையனும் கவனிக்கட்டும்.

படிப்பைவிட எனக்கு இப்போது அதிகக் கவலை அவன் எங்கே, எப்படி வெல்டிங் செய்கிறான் என்பதில்தான். இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலோ நடைபாதையிலோ ஒருபோதும் கூடாது. மாமாவின் பட்டறையிலும், பெட்ரோல், எண்ணெய், பெயின்ட் இருக்கும் பக்கத்தில் கூடாது, மாமா பக்கத்தில் இல்லாதபோதும் கூடாது.

சில பாகங்களை அவன் தொடவே கூடாது. பழைய ஷாக் அப்சார்பரை எடுத்து வந்து கால் மாதிரி வைக்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும், ஏனென்றால் வடிவம் அப்படி. அதற்குள் அழுத்தத்தில் வாயுவும் எண்ணெயும் இருக்கலாம். சூடேற்றினால் வெடிக்கும். ஏர்பேக்கும் எரிபொருள் தொட்டியும் அதே போலத்தான், காலியாகத் தெரியும் தொட்டிக்குள்ளும் ஆவி இருக்கும். துத்தநாகப் பூச்சுப் போட்ட போல்ட், பிராக்கெட் இவற்றை அப்படியே வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் வரும். வீட்டில் மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வோம். பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே தொட வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். கிரீஸைத் துடைக்கப் பட்டறையில் இருக்கும் பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் சிலவற்றில் குளோரின் சேர்மம் இருக்கும். அது காயாமல் இருக்கும்போது வெல்டிங் செய்தால் உண்டாகும் பாஸ்ஜீன் உயிரையே எடுக்கக்கூடிய விஷ வாயு. சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைப்பதே போதும். வெல்டிங் முகக்கவசம் இல்லாமல் அந்த வெளிச்சத்தைச் சில நொடிகள் பார்த்தாலும் இரவில் கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தலாம். உடை பருத்தியாக இருக்கட்டும்.

துடுப்பு ஏன் ஒட்டவில்லை என்று அவனே கேட்டிருப்பான். அது பிரேக் டிஸ்க்கிலிருந்து வெட்டியதாக இருந்தால் வார்ப்பிரும்பு. சாதாரண வெல்டிங் கம்பியில் ஒட்டினால் ஆறும்போது விரிசல் விடும். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் கம்பியில் செய்ய வேண்டும். அலாய் வீல் அலுமினியம், அதை இரும்போடு வெல்டிங் செய்ய முடியாது, போல்ட் போட வேண்டும். இந்தப் பாடங்களை அவன் தட்டுத்தடுமாறிக் கற்பதற்குப் பதில் ஒரு பயிற்றுநர் பக்கத்தில் நின்று சொல்லித் தரட்டும் என்றுதான் உலோகப் படிப்பை முன்னால் வைக்கிறேன்.

பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் சுத்தமாக இருக்க வேண்டும். இங்கே பதிவை ரத்து செய்த கார் ஏற்றுமதிக்கோ அங்கீகாரம் பெற்ற பழைய இரும்பு முற்றத்துக்கோதான் போக வேண்டும். ஆகவே அவனுக்குக் கிடைப்பது பழுதுபார்க்கும்போது கழற்றிப்போடும் பாகங்களே. அவையும் வாடிக்கையாளருடையதாக இருக்கலாம், மாமாவிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்டரைக் கழிவு என்று நினைத்துவிட வேண்டாம், அதில் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன.

வருமானம் பற்றிக் கேட்டீர்கள். சிற்பம் மட்டும் விற்று இந்த ஊரில் குடும்பம் நடத்துவது கடினம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் இரும்பு வேலையும் வடிவ உணர்வும் சேர்ந்தவர்களுக்குக் கண்காட்சி அரங்கு அமைப்பவர்கள், உள்அலங்கார நிறுவனங்கள், மேடைப் பொருள் செய்பவர்கள் எனப் பல இடங்களில் வேலை உண்டு. வாகனத் தொழிலும் மாறிக்கொண்டிருக்கிறது. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது அரசாங்கத்தின் திட்டம். அதனால் வாகனப் படிப்பில் சேர்ந்தால் மின்வாகனப் பிரிவையும் விடாமல் படிக்கட்டும். மின்கார்களில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது!

உறவினர் கேட்டால் சும்மா கொடுக்காமல் கணக்குப் போட்டு விலை சொல்லப் பழகட்டும். ஓர் ஆந்தைக்கு 20 மணி நேரம் ஆனால், மணிக்கு 10 வெள்ளி என்று வைத்தாலே 200 வெள்ளி. கம்பி, கிரைண்டர் தட்டு, மேலே துரு பிடிக்காமல் அடிக்கும் கிளியர் கோட் எல்லாம் அதற்கு மேல். அப்பாவும் அந்தத் தாளைப் பார்க்கட்டும். கணக்கு எழுதிக் காட்டும் பையனிடம் பேசுவது அவருக்கும் சுலபமாக இருக்கும்.

ஜனவரியில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் பொது வரவேற்பு நாள்கள் வரும். மூவரும் சேர்ந்து போங்கள். விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு திரும்பாமல் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் அங்கே கை வைத்து வேலை, பாடம் முடிந்த பிறகு சொந்த வேலைக்கு அந்த இயந்திரங்களைத் தருவார்களா, மேற்பார்வைக்கு யார் இருப்பார் என்ற மூன்றையும் மகனையே கேட்க விடுங்கள். அந்த மீனையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.