விரதம் முடிந்த மறுநாள்

வணக்கம் அம்மா,

மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் இருந்து எழுதுகிறேன். வயது 46. போன வருடம் சர்க்கரை இருப்பது தெரிந்தது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தப் பார்க்கிறேன், ஒரு வாரம்கூட நிற்பதில்லை. தைப்பூசக் காவடிக்கு மட்டும் பத்து நாள் பிசகாமல் விரதம் இருக்கிறேன். முடிந்த மறுநாளே காலையில் தெருமுனையில் பருப்பு வைத்த தால்பூரி ரொட்டி, மத்தியானம் பிரியாணி, கூடவே கோலா. முருகனுக்காக முடிகிறது, எனக்காக ஏன் முடியவில்லை? மனசில் உறுதி இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உறுதி இல்லாதவர் பத்து நாள் விரதம் இருக்க மாட்டார். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொடியேறும் முன்பே அடுப்படியைக் கழுவிவிடுகிறீர்கள். ஃப்ரிட்ஜில் மீன், கறி கிடையாது. மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நாக்கோடு நீங்கள் தனியாக மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. விரதம் முடிந்ததும் வீடு பழையபடி ஆகிவிடுகிறது, அப்புறம் நீங்கள் ஒருவர் மட்டும் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பீர்கள்?

நம் தீவிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பெரும்பாலும் பாமாயிலாக இருந்த மானியச் சமையல் எண்ணெயை 1987-ல் அரசு சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-ல் மறுபடி மக்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் எண்ணெய்க்கு அதில் நல்ல பங்கு உண்டு. அதற்காக யாரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவில்லை. அடுப்பில் இருந்த எண்ணெய் மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் அதே ஐந்து வருடத்தில் உடல் பருமன் கூடியது. எந்த எண்ணெயில் பொரித்தாலும் காத்தோ பிமான் என்கிற நம் பருப்பு வடை எண்ணெயைக் குடிக்கத்தான் செய்யும். அளவைப் பார்க்கிற வேலை சாப்பிடுகிறவருடையது.

அதற்குத்தான் சொல்கிறேன், நின்றுகொண்டு சாப்பிடாதீர்கள். தால்பூரியை விடச் சொல்லவில்லை, எனக்கும் உயிர்தான். ஆனால் தெருவில் நின்றால் ஒரு ஜோடி ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விடும். வயிறு நிறைந்தது மூளைக்கு உறைக்க ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகும், அதற்குள் அடுத்த ஜோடிக்குக் கை நீண்டுவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டில் வையுங்கள். மனைவிக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. டிவி வேண்டாம். கூடவே முருங்கைக்கீரையோ பருப்போ ஒரு கிண்ணம் இருக்கட்டும், அதை முதலில் சாப்பிடுங்கள். காயும் பருப்பும் முதலில், மாவுப் பண்டம் பிறகு என்று சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. வாழை இலையில் ஏழு கறி வைக்கிற விருந்திலும் இதே முறையில் சாப்பிடுங்கள்: பூசணியும் கீரையும் முதலில், சோறு அப்புறம்.

கோலாவை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு 330 மில்லி டின்னில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. குறைத்துக் குடிக்கிறேன் என்ற பேச்செல்லாம் அதில் எடுபடாது. பிள்ளைகளுக்கும் வாங்காதீர்கள். அவர்களுக்கென்று வாங்கியதைத்தான் ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் திறப்பீர்கள்.

மனைவியையும் உட்காரவைத்து இதைப் பேசுங்கள். சந்தைக்குப் போவது யார், சமைப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்தான் என்றால், பாதி முடிவு அவருடையது.

மாத்திரை போடுகிறீர்களா என்றும் சொல்லவில்லை. போடுகிறவர் என்றால், அடுத்த காவடி விரதத்துக்கு முன் டாக்டரைப் பாருங்கள். சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். விரதத்துக்கு ஏற்றபடி அளவையும் நேரத்தையும் அவர் மாற்றித் தருவார்.