இசை கேள்வி – பதில்: ஸ–ப–ஸ–ப வயலினில் அப்பலாச்சிய மெட்டு

கேள்வி: அம்மா, என் மகள் கர்நாடக வயலின் கற்கிறாள். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக் கிராமங்களில் வயலினும் பாஞ்சோ என்ற தோல் கட்டிய தந்தி வாத்தியமுமாக வாசிக்கும் பழைய நடன மெட்டுகளையும் சுவிசேஷப் பாடல்களையும் கேட்டுக் கேட்டு, தந்திகளின் சுருதியைக்கூட மாற்றாமல் அப்படியே வாசிக்கிறாள். இது அவளுடைய பயிற்சியைக் கெடுத்துவிடாதா?
– ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கெடுக்காது, தாராளமாக வாசிக்கட்டும். சுருதியை மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு ஒரே மகிழ்ச்சி. மேல்நாட்டு வயலினில் அடுத்தடுத்த தந்திகள் எல்லாமே ஸ–ப (ஸட்ஜம்–பஞ்சமம்) இடைவெளியில் நிற்கும். அந்த மலைக்காரர்களோ பல மெட்டுகளுக்கு அடித்தந்திகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றிக்கொள்வார்கள். அப்போது கிடைப்பது நம்முடைய ஸ–ப–ஸ–ப தான்! உங்கள் மகளின் வயலின் ஏற்கெனவே அந்தச் சுருதியில் இருக்கிறது. ஒரு தந்தியில் மெட்டு ஓட, பக்கத்துத் தந்தியில் ஸட்ஜமோ பஞ்சமமோ ஒலிக்க, வில் இரண்டையும் சேர்த்தே இழுக்கும். பாஞ்சோவிலும் இதே கதைதான். அதன் ஐந்தாவது தந்தி குட்டையானது; அதற்குரிய பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) மற்றவற்றோடு தலைப்பகுதியில் இல்லாமல் கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும். பெரும்பாலும் விரல் வைத்து அழுத்தாத அந்தத் தந்தியைக் கட்டைவிரல் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும். தம்புராவோடு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகப் படுமா?

பல மெட்டுகள் நம் மோகனம், ஹரிகாம்போதி ராகங்களுக்கு அருகில் வரும். சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் மட்டும் நம்முடையது போல் இராது. அதைத் திணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது வில்லை. அந்த மெட்டுகள் ஆடுவதற்கானவை. தாளம் முழுவதும் குட்டைக் குட்டையான வில்வீச்சில்தான் இருக்கிறது. கீர்த்தனைக்கோ நீண்ட வில் வேண்டும். ஆகவே வர்ணமும் கீர்த்தனையும் முடிந்த பிறகே மலை மெட்டு. வரிசையை மாற்றினால் கை துள்ளிக்கொண்டே இருக்கும். என் மாணவிகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். இதை வெள்ளையரின் சங்கீதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பொறுக்காது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்த வாத்தியமே பாஞ்சோவின் மூதாதை. சுவிசேஷப் பாடல்களுக்குப் பெயர்பெற்ற கார்ட்டர் குடும்பத்தார் 1927 ஓகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடினார்கள். பிறகு ஏ. பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது, சொற்களை அவர் எழுதிக்கொள்ள, மெட்டுகளை மனத்தில் வாங்கி வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிற்றார் கலைஞர். இசைத்தட்டில் அவர் பெயர் இல்லை. உங்கள் மகளாவது அந்தப் பெயரைத் தெரிந்து வாசிக்கட்டும்.

கேள்வி: அந்த ஊர்த் தேவாலயங்களில் வாத்தியமே இல்லாமல் பாடுவார்களாமே, உண்மையா?
– ஒரு வாசகர், வத்தளை

பதில்: உண்மைதான், எல்லா ஆலயங்களிலும் அல்ல. கிழக்குக் கென்டக்கியின் பழைய பாப்டிஸ்ட் சபைகளில் ஒருவர் ஒரு வரியை விரைவாகச் சொல்லிக்கொடுக்க, சபையார் அதையே இழுத்து இழுத்துப் பாடுவார்கள். தென் மாநிலங்களில் வேறொரு முறையும் உண்டு. முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என நான்கு வடிவங்களில் சுரங்களை அச்சிட்டிருப்பார்கள். முதலில் ஃபா, சோல், லா, மி என்று சுரங்களாகவே பாடி, அதன் பிறகுதான் சொற்களுக்கு வருவார்கள். நம் வகுப்பில் சுரம் பாடிய பிறகு சாகித்தியம் பாடுகிறோம் அல்லவா? உங்கள் ஆலயப் பாடகர் குழுவிலும் புதிய பாட்டு ஒன்றை இப்படித் தொடங்கிப் பாருங்கள். சுருதி விலகுபவர் யார் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.