சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் ஓடுகிறது: ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டுமா?

பழைய பெட்ரோல் காரில் சாவியைத் திருப்பிய பிறகும் இஞ்சின் சில நொடிகள் உதறிக்கொண்டு ஓடுகிறது, இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, உள்ளே படிந்த கார்பன் கரியை எடுக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. அதே பேச்சை நம்பி, 2011இல் ஹெட்டைக் கழற்றி, கார்பன் சுரண்டி, புது பேக்கிங் போட்டு எட்டாயிரம் ரூபாய் அழுதவன் நான். பட்டறையிலிருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினேன். குடுகுடுவென்று ஆறு முறை உதறிவிட்டுத்தான் நின்றது.

என்னுடையது அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி, 1089 சிசி. உங்களுடையது என்ன வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சாவியை எடுத்த பிறகும் இஞ்சின் எந்த உதறலும் இல்லாமல் சீராக ஓடினால் அது மின்சாரக் கோளாறு. சாவி சுவிட்சையும் வயரிங்கையும் பார்க்க வேண்டும். இருமி, குலுங்கி, ஓடுவதா நிற்பதா என்று தவித்தால்தான் நீங்கள் சொல்லும் நோய். சந்தேகமாக இருந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலிங்கில் ஓடும்போது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு வரும் மெல்லிய வயரை உருவி, பாடியில் படாமல் பிடியுங்கள். தடித்த வயர் பக்கம் கை போகக் கூடாது. அப்போதும் உதறிக்கொண்டு ஓடினால், பிளக்கில் தீப்பொறி இல்லாமலே உள்ளே பெட்ரோல் பற்றுகிறது என்று பொருள்.

பற்றவைப்பது சிவக்கக் காய்ந்த கார்பனாக இருக்கலாம், பிளக் முனையாகவும் இருக்கலாம். ஆனால் பற்றுவதற்குக் காற்றும் பெட்ரோலும் உள்ளே போக வேண்டுமே? அதை விடுவது யார்? இந்தக் கேள்வியை இரண்டு வருடம் என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு வருடமும் நான் டாப் கியர் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு இஞ்சினைத் திணறடித்து நிறுத்தினேன். கல்யாண மண்டபங்களில் காவலாளிகள் ஓடிவந்து, வண்டியை அணைக்காமல் இறங்குகிறீர்களே என்பார்கள். மைத்துனர் சிரிப்பார்.

கடைசியில் மதுரையில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வேலை மட்டுமே செய்யும் ஒரு பெரியவரிடம் போனேன். பானெட்டைத் திறக்கும் முன்பே, நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “ஸ்லோவை இவ்வளவு ஏற்றி வைத்தது யார்?” என்றார். ஸ்லோ என்றால் ஐடிலிங் வேகம். தெரியவில்லை என்றேன். ஸ்க்ரூவை இறக்கினார்; இஞ்சின் அணைந்துபோனது. “பார்த்தீர்களா? ஸ்லோ நிற்கவில்லை என்று ஏற்றிவிட்டிருக்கிறார்கள். ஏன் நிற்கவில்லை என்று பார்க்கவில்லை.” மறுபடி ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியால் கார்புரேட்டர் அடியைச் சுற்றிச் சொட்டு விட்டார். ஓர் இடத்தில் சத்தம் சட்டென்று மாறியது. அங்கேதான் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. கழற்றி இரும்பு ஸ்கேலை வைத்தால், நட்டை முறுக்கி முறுக்கி அடித்தட்டே வளைந்திருந்தது. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமன் செய்து, புது பேக்கிங் போட்டார். முன்பு யாரோ இஞ்சினின் தட்டல் சத்தத்துக்குப் பயந்து, தீப்பொறி விழும் நேரமான டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். அதையும் சரியாக வைத்தார். டைமிங் பின்தங்கினால் இஞ்சின் சூடாகும், ஐடிலிங்குக்கே காற்று வழியின் மூடியான த்ராட்டிலை அதிகம் திறக்க வேண்டிவரும், சாவியை அணைத்த பிறகும் அந்தத் திறப்பு வழியாகத்தான் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் என்றார். பிறகு ஸ்லோவை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு இறக்கினார். சாவியைத் திருப்பியதும் ஒரே அடியில் நின்றது. கூலி 450 ரூபாய்.

கார்பனே காரணமாக இருக்காது என்று நான் சொன்னதாகத் திரிக்க வேண்டாம். தவறான பிளக், ரேடியேட்டர் அடைப்பு, மட்டமான பெட்ரோல் எல்லாமே காரணமாகலாம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் பெட்ரோலில், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான பழைய ஜெட்டில் கலவை இன்னும் மெலியும், அதாவது காற்று கூடிப்போகும் என்பதும் உண்மை. நான் ஆட்டோமொபைல் படித்தவன் அல்ல, வரிசையைத்தான் சொல்கிறேன். ஹெட் கடைசி.

பழைய மாருதி 800 என்றால் இன்னொன்று உண்டு. அதன் கார்புரேட்டரில், சாவியை எடுத்ததும், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டை அடைக்கும் சோலினாய்டு என்ற மின்காந்த அடைப்பான் இருக்கிறது. இஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, அதன் வயரை எடுத்து எடுத்துத் தொட்டால் ‘டக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். அது பழுதானால் புதிது போடாமல் முனையை வெட்டிவிட்டு ஓட்டச் சொல்லும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடும், நிற்காது.

இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கும் வண்டியைத்தான் எங்கள் குடியிருப்புச் சங்கம் ‘பயன்பாட்டில் இல்லாத பழைய இரும்பு’ என்று நோட்டீஸ் ஒட்டி அகற்றச் சொன்னது. எஃப்சி (தகுதிச் சான்று) இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, பசுமை வரியும் கட்டியிருக்கிறேன். மூன்றாவது மாடியில் ஒருவர் காற்றுப் போன புது வண்டியை எட்டு மாதமாக உறை போட்டு நிறுத்தியிருக்கிறார். அது மட்டும் இரும்பு இல்லையாம்.

போகட்டும். நாளை காலை வண்டி குளிர்ந்திருக்கும்போது எல்லா பிளக்கையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். மற்றவை பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால், அங்கே காற்று கூடுதலாகப் போகிறது; பிளக்குகளைத் திரும்ப மாட்டி இஞ்சினை ஓடவிட்டு, அந்தச் சிலிண்டர் பக்கத்தில், கலவையை உள்ளே கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங்கைச் சுற்றி எண்ணெய் விட்டுப் பாருங்கள். எல்லாமே வெளுத்திருந்தால் கார்புரேட்டர் அடியில் தொடங்குங்கள்.