இம்யூனோகுளோபுலின் சிகிச்சை: வீடு திரும்பிய பிறகுதான் கவனம் அதிகம் தேவை

கேள்வி: ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தைக்கு வயது 62, சர்க்கரை நோய் உண்டு. கால்களை வலுவிழக்கச் செய்யும் சி.ஐ.டி.பி. என்ற நரம்பு நோய்க்காக வேலூரில் ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை இரத்தத்தில் ஏற்றவிருக்கிறார்கள். பக்கவிளைவுகளுக்கு அஞ்ச வேண்டுமா?

பதில்: மருந்து ஏறும்போது வரும் தலைவலி, குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி ஆகியவை பெரும்பாலும் அது இறங்கும் வேகத்தால் வருபவை, வேகத்தைக் குறைத்தாலே தணிந்துவிடும் என்பதால், உடல் சிலிர்த்தவுடன் செவிலியரிடம் சொல்லுமாறு தந்தையிடம் கூறிவையுங்கள்.

என் கவலை வேறு. வழக்கமான மொத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐந்து நாட்களில் 120 கிராம் புரதம் இரத்தத்தில் சேர்ந்து அதன் அடர்த்தியைக் கூட்டுகிறது. அந்த நேரத்தில் உடலில் நீரும் வற்றியிருந்தால், சிறுநீரகம் பழுதடையவும் இரத்தம் உறையவும் வாய்ப்பு அதிகம். முதுமை, சர்க்கரை, நடமாட்டக் குறைவு மூன்றும் உள்ள உங்கள் தந்தைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நீரைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தாலன்றி, முதல் நாளுக்கு முன்பிருந்தே தாராளமாகத் தண்ணீர் கொடுங்கள். வேலூர் கோடையில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அவர் ரமலான் நோன்பிருப்பவரானால், சிகிச்சை நாட்களைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். சிறுநீரகப் பாதிப்போடு அதிகம் தொடர்புடையவை சுக்ரோஸ் என்ற சர்க்கரை கலந்த தயாரிப்புகள். அவற்றைத் தவிர்க்க முடியுமா என்றும் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகளின் வீட்டார் பலர் அறியாத ஒன்று: சில தயாரிப்புகளில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரை இருக்கிறது, சில வகை குளுக்கோமீட்டர்கள் அதையும் குளுக்கோஸாகக் கணக்கிட்டு, இல்லாத சர்க்கரையைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து. எனவே உங்கள் மீட்டரை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐயமிருந்தால் ஆய்வகப் பரிசோதனையை மட்டும் நம்புங்கள்.

வீடு திரும்பியபின் கடும் தலைவலியோடு கழுத்து விறைத்து, வெளிச்சமும் கூசினால், அது கிருமியில்லாத மூளை உறை அழற்சியாக இருக்கலாம். பொதுவாகச் சில நாட்களில் ஆறிவிடும் என்றாலும், கிருமித் தொற்று அல்ல என்று மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்குதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஏ, பி அல்லது ஏபி இரத்த வகையினருக்கு, பத்து நாட்களுக்குள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ கண் மஞ்சளித்தாலோ, சிவப்பணுக்கள் சிதைகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இந்நோய்க்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை மருந்து தொடர வேண்டியிருக்கலாம். ஆகவே தயாரிப்பின் பெயர், தொகுதி எண், தந்தை சிரமமின்றித் தாங்கிய மருந்தேற்றும் வேகம் ஆகியவற்றை எழுதி வாங்கி, அடுத்த முறை உடன் கொண்டு செல்லுங்கள்.