ஒரு மாதம் மட்டும் விடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாளைக்கு ஐந்து காபி குடிப்பவன் நான். ஒரு மாதம் காபியும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம் என்று ஒரே நாளில் நிறுத்தினேன். இரண்டாம் நாள் தலைவலி தாங்காமல் ஒரு காபி குடித்தேன். எல்லாம் போயிற்று என்று இனிப்பையும் சாப்பிட்டுவிட்டேன். எப்படியும் திரும்பத் தொடப்போகிறோம். ஒரு மாதம் விடுவதில் என்ன பயன்? இப்படி விடுகிறவர்கள் உண்மையில் இருக்கிறார்களா?

கே.

அன்புள்ள கே.,

நிறையப் பேர் இருக்கிறார்கள். கிறிஸ்தவர்களின் தவக்காலம் 40 நாள். பிரிட்டனில் ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமல் இருப்பது 2013 முதல் ஓர் இயக்கமாகவே நடக்கிறது. ‘இனி எப்போதும் வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குபவர்கூட ‘இந்த மாதம் வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார். முடியும் நாள் தெரிந்திருப்பதுதான் இதன் பலம்.

உங்கள் தலைவலியை மனவுறுதிக் குறைவோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். காபியில் உள்ள கஃபீன் மூளையின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் அவை விரியும், தலை வலிக்கும். கடைசிக் காபிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். சோர்வும் எரிச்சலும் கூடவே வரும். நீங்கள் கைவிட்டது மிகக் கடினமான நேரத்தில்.

அடுத்த முறை படிப்படியாகக் குறையுங்கள். மூன்று நாளுக்கு ஒரு காபி வீதம் குறைத்து, கடைசி ஒன்றை மூன்று நாள் அரையாகக் குடித்துவிட்டு நிறுத்துங்கள். முதலில் போக வேண்டியது மாலைக் காபி; தூக்கம் சீரானால் பகல் சோர்வைத் தாங்கலாம். காலைக் காபி கடைசியில். இதற்கு இரண்டு வாரம் ஆகும், அதை மாதக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தேநீர், கோலா, சில தலைவலி மாத்திரைகள் ஆகியவற்றிலும் கஃபீன் உண்டு. காபியைக் குறைத்துத் தேநீரைக் கூட்டினால் குறைத்ததாக ஆகாது.

இனிப்பைத் தனியாக, வேறொரு மாதத்தில் விடுங்கள். தொடங்கும் முன் எது இனிப்பு என்று எழுதி வையுங்கள்: பழம் உண்டா, பானத்தில் போடும் சர்க்கரை உண்டா? எழுதாத விதியை ஆசை வரும்போதெல்லாம் மனம் தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளும்.

ஒரு காபிக்குப் பின் எல்லாம் போயிற்று என்று தோன்றியதே, பெரும்பாலான முயற்சிகள் உடைவது அங்கேதான். போதைப் பழக்கங்களை ஆராய்ந்த உளவியலாளர் ஆலன் மார்லட் இதை விரிவாக எழுதியிருக்கிறார். வழுக்கலைவிட, ‘நான் இதற்கு லாயக்கில்லை’ என்ற முடிவுதான் ஆளைப் பழையபடி தள்ளுகிறது. குடித்தது ஒரு காபி, அவ்வளவுதான். எந்த நேரம், யாருடன், என்ன மனநிலையில் என்று குறித்துவிட்டு அன்றைக்கே தொடருங்கள். முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

திரும்பத் தொடும் நாளையும் இப்போதே தீர்மானியுங்கள். ஒரு மாதத்தில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய ஐந்தைக் குடித்தால் படபடப்பும் தூக்கமின்மையும் வரலாம். நண்பகலுக்குள் இரண்டு என்று வைத்துப் பாருங்கள். ஐந்தில் எத்தனை உண்மையில் தேவைப்பட்டன என்பது அப்போது தெரியும். நீங்கள் கேட்ட பயன் அதுதான்.

மற்ற வாசகர்களுக்கு: தினமும் அதிகமாக மது அருந்துபவர்கள் இப்படித் தாங்களாகவே திடீரென நிறுத்தக் கூடாது. முதல் சில நாட்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.