பழைய காரின் கியர் நாப்பை நாமே மாற்றலாமா?

கேள்வி: என் காருக்கு இருபது வயதாகிறது. கியர் நாப் (கியர் ராடின் தலையில் உள்ள கைப்பிடி) தேய்ந்துபோய் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, லேசாகச் சுற்றவும் செய்கிறது. மெக்கானிக்கிடம் போகாமல் நானே மாற்ற முடியுமா? எந்த நாப் வாங்குவது?

மேனுவல் கியர் என்றால் தாராளமாக மாற்றலாம், அரை மணி நேர வேலைதான். ஆனால் கடைக்குப் போகும் முன்பே பழைய நாப்பைக் கழற்றி, கியர் ராடின் மரை என்ன அளவு என்று பார்த்துவிடுங்கள். நான் அதைப் பார்க்காமல் வாங்கிவந்து பெரிய சிக்கலில் மாட்டியிருப்பேன்.

என்னுடையது 2001 மாடல் ஹோண்டா சிட்டி. அப்பா பதினைந்து வருடம் ஓட்டிவிட்டு எனக்குக் கொடுத்த வண்டி. நாப்பின் தலையில் 1, 2 மட்டும் மங்கலாகத் தெரியும். மற்ற எண்கள் இருந்த இடமெல்லாம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. வெயில் காலத்தில் கை வியர்த்தால் மூன்றாவது கியரிலிருந்து நான்குக்கு இழுக்கும்போது வழுக்கும். சரி, மாற்றிவிடலாம் என்று ஒரு உதிரிபாகக் கடையில் அலுமினிய நாப் வாங்கினேன். "எல்லா வண்டிக்கும் சேரும்" என்றார்கள்.

இரண்டு சுற்று விரலாலேயே ஏறியது. அப்புறம் இறுகியது. புதுசு, அதனால் டைட்டாக இருக்கிறது என்று நினைத்துத் துணியைச் சுற்றி அழுத்தித் திருப்பினேன். இன்னும் ஒரு சுற்று ஏறியதும், கீழே கறுப்பு ரப்பர் பூட்டின் (ராடின் அடியை மூடியிருக்கும் உறை) மேல் வெள்ளிப் பொடி மினுமினுவென்று உதிர்ந்து கிடந்தது. மரையை மரை தின்றுகொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தினேன்.

நடந்தது இதுதான். மரைக்கு இரண்டு அளவு உண்டு: ஒன்று தடிமன், இன்னொன்று ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி. ஹோண்டா ராடு 10 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. இடைவெளி. நான் வாங்கியதும் 10 மி.மீ. தான், ஆனால் இடைவெளி 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அலுமினியம் மெத்தென்ற உலோகம் என்பதால் நாப்புக்குத்தான் சேதம், இரும்பு ராடு தப்பியது. பக்கத்து லேத்துப் பட்டறை அண்ணன் வந்து மரை வெட்டும் டை ஒன்றைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் திருப்பி ராடைச் சுத்தம் செய்து கொடுத்தார். அந்த நாப்பின் உள்ளே இரும்பு மரை இருந்திருந்தால் ராடே போயிருக்கும். இந்த வயது வண்டிக்கு ராடு வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஒரு நாள் முழுக்க அலைய வேண்டும்.

உங்கள் கார் எது என்று சொல்லவில்லை. அதனால் எந்த வண்டிக்கும் பொருந்தும் ஒரு வழி சொல்கிறேன். ஹார்டுவேர் கடையில் 17 ஸ்பேனர் போடும் சாதாரண 10 மி.மீ. நட்டு ஒன்று வாங்கி ராடில் விரலால் ஏற்றிப் பாருங்கள். அடிவரை வழுக்கிக்கொண்டு போனால் உங்களுடையது 10க்கு 1.5. டொயோட்டாக்களில் பெரும்பாலும் 12க்கு 1.25, மாருதியின் சக்கர நட்டும் அதே மரை என்பதால் அதை வைத்தே பார்த்துவிடலாம். விரலால் ஏறாத எதையும் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். எதிலும் சந்தேகம் என்றால் கழற்றிய பழைய நாப்பையே கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

கழற்றுவது சுலபம். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, பூட்டைக் கீழே இறக்கி, நாப்பை இடப்பக்கமாகச் சுற்றுங்கள். வராவிட்டால் முடி உலர்த்தும் டிரையரால் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். ராடின் கீழ்ப்பகுதியைத் துணி சுற்றிய பிளையரால் பிடித்துக்கொண்டு திருப்பினால், அந்த விசை கீழே இருக்கும் இணைப்புகளுக்குப் போகாது. ஆனால் எல்லா நாப்பும் மரை அல்ல. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மாதிரி வண்டிகளில் பூட்டுக்கு அடியில் ஒரு கிளாம்ப் பிடித்திருக்கும், அதை எடுத்தால் மேலே இழுத்து உருவ வேண்டும். ரிவர்ஸ் போடத் தூக்கும் வளையம் உள்ள நாப்பாக இருந்தால் கம்பெனி நாப் மட்டும் வாங்குங்கள்.

அப்புறம் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது. மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டியில் உலோக நாப்பை ஒரு முறை பிடித்துப் பார்த்தால் ஆசை போய்விடும். தோல் அல்லது கெட்டி பிளாஸ்டிக் நம் ஊருக்கு நல்லது. பழைய நாப்பின் உயரமே இருக்கட்டும். குட்டையாக வாங்கினால் கியர் விழ அதிக அழுத்தம் வேண்டும். பக்கவாட்டில் மூன்று சின்ன ஆலன் ஸ்க்ரூ வைத்துப் பிடிக்கும் நாப்பை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதிர்வில் தளர்ந்துவிடும், ஸ்க்ரூ முனை ராடின் புரியையும் கடிக்கும்.

தலையில் கியர் வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். என் வண்டியில் ரிவர்ஸ் வலது கீழே, ஐந்துக்கு நேர் பின்னால். தங்கை ஓட்டும் காரிலோ இடது மேலே. எண் இல்லாத உருண்டை நாப்பைக் கொஞ்ச நாள் மாட்டியிருந்தபோது அவள் என் வண்டியை எடுத்தாள். ரிவர்ஸ் என்று நினைத்து இடது மேலே தள்ளினாள். அங்கே முதல் கியர். வண்டி முன்னால் பாய்ந்து காம்பவுண்ட் சுவரில் பம்பர் உரசியது. அன்று மாலையே எண் உள்ளதாக மாற்றினேன்.

புது நாப்பைப் போடும் முன் அதே மரையில் ஒரு லாக் நட்டை ராடில் ஏற்றிவிடுங்கள். நாப்பைச் சுற்றி எண்கள் உங்களைப் பார்த்து நேராக நின்றதும், நட்டை மேலே கொண்டுவந்து ஸ்பேனரால் இறுக்கினால் சுற்றவே சுற்றாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்கள்.

உங்கள் பிசுபிசுப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் மேல் பூச்சு சூட்டிலும் ஈரத்திலும் சிதைவதால் வருவது. துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தேய்த்தால் பூச்சு கறுப்பாக உரிந்து வந்துவிடும், அடியில் நல்ல பிளாஸ்டிக் இருக்கும். எண்கள் அச்சடித்தவையாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் பிறகும் சுற்றுகிறதா என்று பாருங்கள். மரை நன்றாக இருந்தால் ஒரு லாக் நட்டு போதும், புது நாப்பே தேவைப்படாது.